பிரீத்திகாவின் மூடிய கை

நாரணாபுரம் பால்வாடியில் வெள்ளிக்கிழமைதோறும் சாப்பிடக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்றதும் தெருவே சிரித்தது. ஞானசுந்தரி டீச்சர் விருதுநகரில் பயிற்சிக்குப் போய் வந்து ஆரம்பித்த கூத்து. பிள்ளைகள் மோந்து பார்த்து, மென்று, நிதானமாகத் தின்ன வேண்டுமாம். பிறகு ஆடி அசைய வேண்டுமாம். வளர்க்கிறவர்களும் எதிரில் உட்கார்ந்து கூடவே செய்ய வேண்டுமாம். விடிந்ததும் பட்டாசுக் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிற ஊரில் இட்லியை மெல்ல யாருக்கு நேரம்? இருந்தும் வேலைக்குப் போகாத பெண்கள் அத்தனை பேரும் போனார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை எப்படித் தின்கிறது என்று பார்க்கக் கசக்குமா?

வந்தவர்களில் ஒரே ஆம்பளை செந்தூர்பாண்டி. போன சீசனில் கம்பெனியில் பட்டாசு மருந்து பற்றிக்கொண்டதில் அவனுடைய வலது கை வெந்துபோனது. புண் ஆறியபோது விரல்கள் உள்ளங்கையோடு சுருண்டுகொண்டன. இப்போது மனைவி பாண்டிமீனா கம்பெனிக்குப் போகிறாள். அவன் மகள் பிரீத்திகாவைப் பார்த்துக்கொள்கிறான். இடது கையால் அவன் பின்னுகிற சடை எந்தப் பக்கம் கோணும் என்பதுவரை தெருவுக்குத் தெரியும். அந்த வலது கையை மட்டும் யாரும் சரியாகப் பார்த்ததில்லை. வாசலைத் தாண்டினால் அதன்மேல் ஒரு துண்டு விழுந்துவிடும்.

“கொழுந்தனாரே, துண்டுக்குள்ள என்ன, எங்களுக்குத் தராம பலகாரம் வச்சிருக்கீகளா?” என்பாள் எதிர்வீட்டு முத்துப்பேச்சி. அவன் சிரித்து வைப்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆளுக்கு நாலு அவித்த கடலை. பிரீத்திகா வலது கையை மூடியபடியே, இரண்டு விரல் முட்டிகளுக்கு நடுவே கடலையை இடுக்கி எடுத்தாள். பாதி கீழே விழுந்தது. பிறகு டீச்சர், “மொட்டு” என்றார். பிள்ளைகள் கையை மூடினார்கள். “பூ” என்றார், விரித்தார்கள். பிரீத்திகாவின் இடது கை விரிந்தது. வலது கை மொட்டாகவே நின்றது.

டீச்சர் அவனைத் தனியே கூப்பிட்டார். “அண்ணே, பாப்பாவுக்குச் சோத்துக் கை விரியவே மாட்டேங்குது. பெரியாஸ்பத்திரில ஒருக்கா காமிச்சிருங்க.”

தனியே என்றுதான் பெயர். அவன் வீடு போய்ச் சேருமுன் சேதி தெருமுனைக்குப் போயிருந்தது.

செந்தூர்பாண்டிக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. கம்பெனியிலிருந்து வந்ததும் குளிக்காமல், மருந்து படிந்த சட்டையோடு எத்தனை நாள் பிள்ளையைத் தூக்கியிருப்பான்? அந்த மருந்து அவளுக்குள் இறங்கியிருக்கிறது. தன் கையைத் தின்றது போதாமல் அவள் கையையும் பிடித்திருக்கிறது. மத்தியானம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் வேலை விட்டு வந்த பாண்டிமீனாவிடம் சொன்னான். கை கால் கழுவிக்கொண்டே கேட்டவள் முகத்தைத் துடைத்தாள்.

“தூங்கும்போது அவ கை விரிஞ்சுதான கெடக்கு? நோவு தூங்குமா?”

“அப்ப முழிச்சிருக்கயில?”

அவள் அவனுடைய வலது கையைப் பார்த்தாள். “வீட்டுல நீங்க முட்டிக்கு நடுவுல இடுக்கித்தான சோறு திங்கீக. அவளுக்குச் சாப்பிடுத கைன்னா ஒங்க கைதான். நாள் பூரா வேற யாரப் பாக்கா?” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “ஆஸ்பத்திரில சொன்ன பயிற்சிய வலிக்குன்னு விட்டுட்டீக. நான் ஏன்னு கேக்கல. இப்ப அவ கேக்கா.”

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். பிள்ளைக்கு என்ன என்று தெரியாமல் யாருக்கு இருப்புக்கொள்ளும்? டீச்சர் “மொட்டு” என்றார். செந்தூர்பாண்டி துண்டை எடுத்து மடியில் போட்டான். சிவந்து, பளபளத்து, இழுத்துத் தைத்தது போலிருந்தது கை. பலகாரம் கேட்ட முத்துப்பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

“பூ.”

அவன் விரல்களை விரித்தான். தோல் இழுபட்டது, கண்ணில் நீர் முட்டியது. கால்வாசிகூட விரியவில்லை. எதிரே பிரீத்திகா அவன் கையையே பார்த்தாள். மெல்லத் தன் விரல்களைப் பிரித்தாள். அவன் எதுவரை விரித்தானோ அதுவரை. அதற்குமேல் ஒரு நூல்கூட இல்லை.

“இன்னைக்கு இது போதும்ணே” என்றார் டீச்சர்.

“போதாது டீச்சர். நான் நிறுத்துனா அவளும் நிறுத்திருவா.”

மற்ற பிள்ளைகள் எழுந்து தவளை போலத் தாவப் போனார்கள். அப்பனும் மகளும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து, மறுபடியும் கையை மூடினார்கள்.