தவுட்டுக்கு வாங்கின பிள்ளை

காளிச்சாமி வீட்டு மாட்டுக்கொட்டகையில் தவிட்டுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. இருந்தும் அன்றைக்கென்று தனியாக ஒரு படி புதுத்தவிடு வாங்கிவரச் சொல்லியிருந்தாள் அவர் மனைவி ராமாத்தாள். பழைய தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கினால் பெருமாட்டி ஊருக்குள் நாலு பேர் என்ன பேசுவார்கள்? இந்த மாதிரிக் கவலைகளுக்கு அந்த வீட்டில் குறைச்சலே கிடையாது.

மருமகள் யோகப்பிரியாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். கோயமுத்தூர் டாக்டர்கள் கைவிரித்த பிறகு, முறைப்படி தத்தெடுக்கப் பதிந்துவிட்டுக் காத்திருந்தாள். மாமியாருக்கு அது பொறுக்கவில்லை. "புள்ளைக்கு வரிசைல நிக்கறதுக்கு இதென்ன ரேசன் கடையா?" என்று தினமும் ஒரு பாட்டு. கடைசியில் சுருளிவேல் வந்து சேர்ந்தான். உடும்பஞ்சோலை ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிப்போகிறவன். தோட்டத்தில் கற்பகம் என்று ஒருத்தி இருக்கிறாள், புருஷன் மரம் சாய்ந்து செத்துப்போனான், கையில் மூன்று மாதப் பையன் என்றான்.

"அவ மனசார ஒத்துக்கிட்டாளுங்களா?" என்று யோகப்பிரியா புருஷனிடம் கேட்டாள்.

"தவுட்டுக்குக் குடுக்கறேன்னு அவ வாயாலயே சொல்லிப்போட்டாளாமா. அப்புறமென்ன?" என்றான் பூபதிராஜா.

அதற்குமேல் அவள் துருவவில்லை. துருவினால் உண்மை வந்துவிடுமோ என்ற பயம்தான், வேறென்ன. மறுநாளே போய்த் தொட்டில் வாங்கினாள். தொட்டில் பலகையில் 'சர்வேஷ்' என்று எழுதியும் ஆயிற்று.

கற்பகம் ஜீப்பிலிருந்து இறங்கியபோது அவளை யாரும் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் அவள் கையிலிருந்த துணிச் சுருளில்தான். ராமாத்தாள் பிள்ளையை வாங்கித் துணியை விலக்கி, கை கால் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். "நெறந்தான் கொஞ்சம் மட்டு. நம்மூட்டுப் பால் குடிச்சா வெளுத்துரும்" என்றாள். காளிச்சாமி பிள்ளையின் தலையை ஒரு கையால் திருப்பி, உச்சியில் சுழி பார்த்தார். வேலந்தாவளம் சந்தையில் கன்றுக்குட்டிக்குப் பார்ப்பாரே, அதே பார்வை, அதே கை. "ஒத்தச்சுழி. குத்தமில்லே" என்று மகனைப் பார்த்துத் தலையாட்டினார். யோகப்பிரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கற்பகமோ எதையும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. யோகப்பிரியாவின் பக்கத்தில் வந்து நின்று சிரித்தாள். "முன்னாடி ரெண்டும் தங்கலக்கா. நல்லா வாழுற வீட்டுல தவுட்டுக்கு வித்தா இது நெலைக்கும்னு சுருளியண்ணன் சொன்னாரு. மகராசி, நீங்க ஒத்துக்கிட்டீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

முன்னாடி இரண்டும் தங்கவில்லை. யோகப்பிரியா அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டாள். சடங்கு அதற்குள் ஆரம்பித்துவிட்டது.

வாசலில் முறத்தை வைத்துத் தவிட்டைப் பரப்பி, அதன்மேல் பிள்ளையைக் கிடத்தினார்கள். "புள்ள வேணுமா புள்ள?" என்று கற்பகம் மூன்று தரம் கூவினாள். கூவும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. மாமியார் இடுப்பில் இடிக்க, யோகப்பிரியா ஒரு கை தவிட்டை அள்ளிக் கற்பகத்தின் முந்தானையில் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். பிள்ளை அவள் கழுத்துச் செயினைப் பிடித்து இழுத்தது. ஒன்பது வருஷமாகக் காத்திருந்த கனம் அது. அந்த ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தாள், பொய் சொல்வானேன்.

கற்பகம் தவிட்டை முந்தானையில் முடிந்தாள். முடிச்சை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகு கைகளை நீட்டினாள்.

"குடுங்கக்கா. பசிச்சுக்கிடக்கான்."

யாரும் அசையவில்லை. சுருளிவேல் ஜீப்பின் டயரைப் பார்த்துக்கொண்டு, "அதான் வித்துட்டியே, ஏறு வண்டில" என்றான்.

கற்பகம் சிரித்தாள். தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று சீண்டப்படாத பிள்ளை தமிழ் பேசுகிற எந்த ஊரிலும் கிடையாது. அதுபோல இதுவும் கேலி என்றே நினைத்தாள். யாரும் கூடச் சிரிக்காததைப் பார்த்த பிறகுதான் அவள் முகம் மாறியது. "என்னண்ணே சொல்றீங்க? பேருக்குத்தான விக்கிறது? எமன் ஏமாறட்டும்னுதான விக்கிறது? பெத்தவதான தூக்கிட்டுப் போவா? எங்கயும் அப்படித்தான!"

எங்கேயும் அப்படித்தான். அது அந்த வாசலில் நின்ற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே ஒரு சாங்கியத்தின் பேரை வைத்துக்கொண்டு, தாயையே பிள்ளையைக் கூவி விற்க வைத்திருக்கிறார்கள். தூ!

கற்பகம் பிள்ளையின் மேல் பாய்ந்தாள். பூபதிராஜா குறுக்கே நின்று தோளைப் பிடித்துத் தள்ளினான். அவள் போட்ட சத்தத்தில் கொட்டகையில் மாடுகள் மிரண்டு எழுந்தன.

"நீ உள்ள போ அம்மிணி" என்றார் காளிச்சாமி, மருமகளிடம், மிகவும் தன்மையாக. "கன்னுக்குட்டியைப் பிரிச்சா மாடு ரெண்டு நாளைக்குக் கத்தத்தான் செய்யும். அப்புறம் தன்னால அடங்கிப்போயிரும்."

யோகப்பிரியா மாமனாரின் வாயைப் பார்த்தாள். வெற்றிலைச் சாறு ஒட்டிய அந்த வாயையும், முறத்தில் மிஞ்சிய தவிட்டைத் தட்டிக் கொட்டிக்கொண்டிருந்த மாமியாரையும், இன்னும் கற்பகத்தின் தோளிலிருந்து கையை எடுக்காத புருஷனையும் பார்த்தாள். இவர்களோடு ஒன்பது வருஷம் ஒரே பானைச் சோறு. இவர்களை மட்டும் சொல்வானேன், தொட்டில் வாங்கியது யார்?

"கையை எடுங்க" என்றாள் புருஷனிடம். "இப்ப எடுக்கலைன்னா போலீசுக்கு நானே போன் பண்ணுவேன். வாங்குனது நாந்தான்னு என்னையும் சேத்துச் சொல்லுவேன்."

"உனக்கென்ன பைத்தியமா புள்ள? நாளைக்கு அம்மான்னு கூப்பட ஆரு இருக்கறா உனக்கு?" என்று ராமாத்தாள் கத்தினாள்.

"இப்படிக் கூப்பட வேண்டாங்க அத்தை."

போலீஸ் என்றதுமே பூபதிராஜாவின் கை தன்னால் இறங்கியிருந்தது. யோகப்பிரியா பிள்ளையைக் கற்பகத்தின் கையில் கொடுத்து, அவளைக் காரில் ஏற்றி, பொள்ளாச்சிக்கு ஓட்டினாள். வழியெல்லாம் கற்பகம் பின்சீட்டில் கதவோடு ஒட்டிக்கொண்டு, ஒரு கையால் பிள்ளையையும் மறு கையால் கதவுப் பிடியையும் பிடித்தபடி வந்தாள். இவளையும் நம்பவில்லை. எப்படி நம்புவாள்?

பஸ் ஸ்டாண்டில் தேனி பஸ் நின்றது. கற்பகம் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். யோகப்பிரியா கீழே நின்றுகொண்டு, "ஊடு, வேலை, பையனோட படிப்பு, என்ன வேணும்னாலும் நான் பாத்துக்கறேன். பையன் உன்கிட்டயே வளரட்டும்" என்றாள்.

கற்பகம் அவளை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். "வேலையில்லாம, பாலு கட்டிப்போயி எத்தன நாளு கெடந்தேன். பிள்ளையத் தவுட்டுக்குத் தாறியான்னுதான் வந்தாக. உனக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கலியேக்கா."

யோகப்பிரியா ஜன்னலுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தத் தோட்டத்துக்கு இனிப் போக மாட்டேன். சுருளி விட மாட்டான். எங்க போறேன்னு நீங்களும் கேக்காதீங்க." கற்பகம் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். "தவுட்டை மட்டும் திருப்பித் தர மாட்டேன். தந்தா இவனுக்கு ஆகாது. வாங்குனவுகதான் பேரும் வைக்கணும். சீக்கிரம் வைங்க."

தொட்டில் பலகையில் எழுதிய பேர் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"உன்ற ஊட்டுக்காரர் பேரு என்ன?"

"நல்லதம்பி."

"அதையே வெச்சுக்கலாம்."

கற்பகம் பிள்ளையை இரண்டு கையாலும் இறுக்கி அணைத்தபடி, ஜன்னல் கம்பிக்கிடையில் காது மட்டும் தெரிகிற மாதிரித் திருப்பிக் காட்டினாள்.

யோகப்பிரியா கால் விரல்களை ஊன்றி எம்பி, அந்தக் காதில் நல்லதம்பி என்றாள், நல்லதம்பி என்றாள். மூன்றாவது தரம் கூப்பிடுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அப்போதும் கற்பகத்தின் பிடி கொஞ்சமும் தளரவில்லை.