கண் திறக்காத பெட்டிகள்

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் எங்கள் அலுவலகத்தில் மணி அடிக்கும். அதற்கான பெட்டிகள் அறுநூற்றுப் பன்னிரண்டு லிஃப்டுகளில் இருந்தன. உள்ளே இருக்கும் சிம் கார்டு, மின்சுற்றுப் பலகையோடு பற்றவைத்தது, கழற்ற முடியாது. தொலைபேசி நிறுவனத்தை மாற்றுவதென்றால், பழைய நிறுவனத்தின் இணைப்பு உயிரோடு இருக்கும்போதே அதன் வழியாகப் புதிய நிறுவனத்தின் இணைப்பு விவரத்தை இங்கிருந்து சிம்முக்குள் அனுப்பிவிட வேண்டும்.

கம்பெனி என் மனைவியின் அண்ணனுடையது. என்னைப் பங்குதாரராக்குவதாக எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

மச்சான் பேரம் பேசினால் எதிராளி செருப்பைக்கூட விட்டுவிட்டுத்தான் போவான். புதிய நிறுவனத்தைப் பாதி விலைக்கு மடக்கினார். அந்த ஜோரிலேயே, பழைய இணைப்பை வெள்ளிக்கிழமையோடு வெட்டச் சொல்லிக் கடிதமும் கொடுத்துவிட்டு வந்தார். அன்று புதன்.

"மச்சான், ஒரு வாரமாவது ரெண்டும் ஓடணும். யாரும் அமுக்காத வரைக்கும் பெட்டி தூங்கும். வாரம் ஒரு தடவை சோதனைக்குக் கண் திறக்கும், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கிழமை. அப்பதான் புதுசு உள்ள போகும்."

"ஒரு ஆள் தூங்க ரெண்டு வீட்டுக்கு வாடகை கட்டச் சொல்றீங்க. பங்குதாரர் ஆகப்போறவர் மாதிரி பேசுங்க மாப்பிள்ளை. இன்னும் சம்பளக்காரர் மாதிரியே பேசறீங்க."

என் வேலையைப் பார்க்கப் போனேன். எச்சரித்ததற்குச் சாட்சியாக ஒரு மின்னஞ்சல்கூட எழுதி வைக்கவில்லை.

மூன்று நாளில் இருநூற்று அறுபது பெட்டிகள் கண் திறந்தன. மீதி முந்நூற்று ஐம்பத்திரண்டும் சனிக்கிழமை முதல் பிணம். திங்களன்று ஒரு பல் டாக்டர் லிஃப்டில் மாட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரம் சிவப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். வெளியே வந்ததும் நேரே வக்கீலிடம் போய்விட்டார்.

நோட்டீஸ் வந்த அன்று மாலை மச்சான் பழக்கூடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் என்னைப் பங்குதாரராக்கும் ஒப்பந்தப் பத்திரம். இருபது சதவீதம். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. நான் படித்துப் பார்த்தேன். தொழில்நுட்பப் பொறுப்பு முழுவதும் புதிய பங்குதாரருடையது என்றது நாலாவது பத்தி.

"தேதி போன மாசம்னு போட்டிருக்கே மச்சான்?"

"எட்டு வருஷமாக் கேட்டீங்க. ஒரு மாசம் சேர்த்தே கொடுக்கறேன், அதுக்கும் கணக்கா?"

மனைவி பேனாவைக் கொண்டுவந்து வைத்தாள். "அண்ணனே வீடு தேடி வந்திருக்கார். போட்டுடுங்க."

மாட்டேன் என்று எழுந்து போயிருக்கலாம். நான் முப்பது சதவீதம் கேட்டேன். இருபத்திரண்டுக்கு முடிந்தது.