சாலைக்கு இந்தப் பக்கம்

பழைய மரப்பலகைகளை இரும்புப் பீப்பாயில் போட்டு எரித்தபடி, இருக்கைத் தொழிற்சாலைப் பெண்கள் தங்கள் வாசலை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். லிம்பர்க் மாகாணத்துப் பனி கையுறைக்குள்ளும் புகுந்தது. நுன்சியா எல்லோருக்கும் சூப் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாலைக்கு அந்தப் பக்கம் ஹார்லன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கார் ஆலை. அவள் கணவன் ரூடிக்கு அங்கேதான் வேலை.

நிலக்கரிச் சுரங்கங்கள் மூடத் தொடங்கிய காலத்தில், கால்வாயோரம் நிலமும் வரிச்சலுகையும் கொடுத்து இந்த அமெரிக்கக்காரனை வருந்தி அழைத்து வந்தார்கள். இப்போது அவன் போலந்துக்கு மூட்டை கட்டிவிட்டான். போகிறபோது கார் ஆலைத் தொழிலாளர்களுக்கு நல்ல இழப்பீடு பேசியாயிற்று. நுன்சியாவின் ஆட்களுக்குக் கைவிரிப்புதான். காகிதத்தில் அவர்கள் வேறு கம்பெனியாம். ஆனால் அவர்கள் தைக்கிற இருக்கைகள் சாலைக்கு மேலுள்ள பாலம் வழியே நேராக அந்த ஆலைக்குள்தான் போகும். எந்த வரிசையில் கார் வருகிறதோ அதே வரிசையில் இருக்கையும் வரும். கையிருப்பு என்று ஒன்றும் கிடையாது. அதை நம்பித்தான் பெண்கள் தையல் இயந்திரங்களை நிறுத்தினார்கள். எங்களுக்கும் அதே இழப்பீடு, இல்லாவிட்டால் இருக்கை வராது என்றார்கள்.

மத்தியானம் ரூடி சாலையைக் கடந்து வந்தான்.

"நுன்சியா, கொஞ்சம் இப்படி வா."

"இங்கயே சொல்லு. இவங்க யாரும் வேத்தாளு இல்ல."

அவன் குரலைத் தாழ்த்தினான். "கடைசி ஆர்டர் காரெல்லாம் கேட்டைத் தாண்டினாத்தான் எங்களுக்குப் பணம்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்கான். நீங்க இப்படி உக்காந்தா எங்க பொழப்புல மண்ணு. நம்ம வீட்டுக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

"நம்ம வீட்டுக்கு நீ கொண்டாருவ. நுர்தான் வீட்டுக்கு யாரு கொண்டாருவா?"

நுர்தான் ஒற்றையாளாக இரண்டு மகள்களை வளர்ப்பவள். ஒரு பலகையை எடுத்து நெருப்பில் போட்டாள். "ரூடி, உன் பொண்டாட்டி எழுந்திரிச்சாலும் நான் எழுந்திரிக்க மாட்டேன். சூப்பைக் குடிச்சிட்டுப் போ, மூஞ்சியே செத்துக் கெடக்கு."

ரூடி சூப்பைத் தொடவில்லை. "எங்காளுங்க கடுப்புல இருக்காங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத," என்று சொல்லிவிட்டுப் போனான்.  நுன்சியா இடத்தை விட்டு நகரவில்லை.

மறுநாள் காலை எதிர் கேட் திறந்தது. கால்வாய்த் துறைமுகத்துக்குப் போகக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டை நோக்கி வந்தன. உள்ளே இருக்கைகள் இல்லை. பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஓட்டி வந்தார்கள். ஸ்டியரிங்குக்கு மேலே தொப்பியும் கண்ணும் மட்டும் தெரிந்தன.

"கேட்டைத் தாண்டினா போதுமாம். இருக்கையைப் போலந்துல மாட்டிக்குவானாம்," என்றான் ஆலைக் காவலாளி.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நுன்சியா கரண்டியை நுர்தானிடம் கொடுத்துவிட்டு அந்தக் கேட்டுக்கு நேரே நடுச்சாலையில் போய் நின்றாள்.

முதல் கார் அவள் முழங்காலருகே வந்து நின்றது. உள்ளே பெட்டிமேல் குந்தியிருந்தவன் ரூடி. இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவளையே பார்த்தான். ஹாரனை அவன் தொடவில்லை. பின்னால் நின்ற கார்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஹாரன் அடித்தார்கள்.