எல்லாம் ஒண்ணுதான்

1978 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குப் பசுவந்தனையில் மாயகிருஷ்ணன் இறந்தார். வயது ஐம்பத்திரண்டு. நான்கு வருடமாகச் சர்க்கரை வியாதி.

பதினொரு மணி பஸ்ஸில் கோவில்பட்டி மருந்துக்கடை தேவஆசீர்வாதம் மாலையோடு வந்து இறங்கியபோது, சுப்புத்தாய் புருஷனின் பாதத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். உயிர் போகுமுன் கொட்டிய வேர்வை எப்போதோ காய்ந்துவிட்டது. அவள் கை நிற்கவில்லை.

பந்தலில் கொழுந்தன் நந்தகோபால் மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். காலையில் மட்டும் கொடுக்க வேண்டிய சர்க்கரை மாத்திரையை மதினி மூன்று வேளையும் கொடுத்திருக்கிறாள். சர்க்கரை ஒரேயடியாக இறங்கித்தான் உயிர் போனது என்று ஊர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரே டப்பாவைப் பார்த்துச் சொன்னாராம்.

சுப்புத்தாய்க்கு எழுத்துத் தெரியாது. நிறம்தான் அடையாளம்: வெள்ளை காலையில் ஒன்று, சத்து மாத்திரை சிவப்பு, மூன்று வேளை. காகித உறையை எலி கடித்துவிடுகிறதென்று அவள் கொண்டுபோகும் பவுடர் டப்பாவில்தான் தேவஆசீர்வாதம் இரண்டையும் கொட்டித் தருவார். போன வியாழக்கிழமை சிவப்பைக் காணோம். கேட்டாள். கடையில் கூட்டம். அவர் நிமிரவில்லை.

"எல்லாம் ஒண்ணுதான் தாயி, கம்பெனிதான் வேற."

எல்லாம் ஒன்றுதான் என்று கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தாள். நேற்றுப் புருஷன், "ஏட்டி, கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்றார். மாத்திரையைப் போட்டால் சரியாகிவிடும் என்று இன்னும் ஒன்று கொடுத்தாள்.

மாலையைப் போட்டுவிட்டு தேவஆசீர்வாதம் டப்பாவை வாங்கி உள்ளங்கையில் கவிழ்த்தார். அத்தனையும் வெள்ளை. சிலவற்றின் நடுவில் மட்டும் மெல்லிய கோடு; அவைதான் சர்க்கரை மாத்திரை.

"தப்பு என்மேல," என்றார். "செவப்புக்குப் பதிலா வெள்ளையைக் குடுத்தது நான். எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னதும் நான்தான்."

சுப்புத்தாயின் கை நின்றது.

நந்தகோபால் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்களுக்குப் பெரிய மனசு அண்ணாச்சி. மதினிக்காகப் பழியை நீங்க ஏத்துக்கிடுதீங்க. இத்தனை வருசம் அண்ணனை உசுரோட வச்சிருந்ததே நீங்கதான?"

ஆமாம் என்றார்கள். தப்பு தன்மேல்தான் என்று தேவஆசீர்வாதம் மறுபடியும் சொன்னார். நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள்.

நான்கு மணிக்கு எடுத்தார்கள். தேவஆசீர்வாதம் சுடுகாடு வரை நடந்தார்.

தை மாதம் சுப்புத்தாயின் பேரனுக்குக் காய்ச்சல் வந்தது. மருமகள் மாத்திரையை மாமியாருக்கு எட்டாத உயரத்தில் வைத்தாள்.