கூச்சம் என்று நான் போட்ட டிக்

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் ஊறி வந்ததல்ல. ஒரு படிவத்தில், தப்பான கட்டத்தில், நான் போட்ட ஒரு டிக்கிலிருந்து வந்தது. அந்த டிக்கால் ஒன்பது வயதுப் பெண் ஒருத்திக்கு ஒரு பல் போயிற்று. இன்னொன்று போகுமா நிற்குமா என்று இன்னும் தெரியவில்லை.

என் பெயர் தமிழ்மாறன். திருவையாற்றுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியன். பெயரையும் உத்தியோகத்தையும் சேர்த்துச் சொல்ல இப்போதெல்லாம் கூசுகிறது. (கூசுகிறது. இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"காவிரியில் நுங்கும் நுரையுமாகத் தண்ணீர் வந்த ஆவணி மாதத்தில் ஒருநாள்"

வேண்டாம். ஆற்றுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? டெல்டாக்காரன் எதை எழுத உட்கார்ந்தாலும் முதல் ஆளாக ஆறு வந்து நின்றுவிடுகிறது.

"வெட்கத்தோடு கன்னத்தில் கைவைத்தபடி, அம்மாவின் பின்னால் ஒளிந்து நின்றாள் நிதுஷா."

இது பொய். அவள் வெட்கப்படவில்லை. பல் வலித்தது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். எல்லாம் தெரிந்த பிறகும் என் பேனா அதை வெட்கம் என்றே எழுதுகிறது பாருங்கள். அதுக்கு நாலு அறை கொடுக்க வேண்டும்.

3

சரி, நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரிலிருந்து நாலு கிலோமீட்டரில் இலங்கை அகதிகள் முகாம் இருக்கிறது. ஆவணியில் அங்கே பிள்ளைகளுக்காகப் பல் முகாம் போட்டார்கள். (முகாம் என்ற ஒரே சொல்தான் இரண்டுக்கும். ஒன்று நாலு மணிக்கு முடிந்துவிடும். மற்றது முப்பத்தைந்து வருஷமாக முடியவில்லை.) பல் டாக்டர் ஸ்ம்ருதி மூன்று மாதத்துக்கு ஒருமுறை தஞ்சாவூரிலிருந்து வேனில் வருவார். சின்ன வயசு, சுறுசுறுப்பான பெண். படிவம் நிரப்ப ஆள் வேண்டும் என்று, "நீங்க தமிழ் வாத்தியாராச்சே, உட்காருங்க சார்" என்று என்னை மேசையில் உட்கார வைத்தார்.

படிவத்தில் இரண்டு கட்டம்: வலி, கூச்சம். வலி என்றால் முதல் வரிசை. கூச்சம் என்றால் பிறகு.

சுகந்தினி மகள் நிதுஷாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். சின்னக் குழந்தையாகப் படகில் வந்தவர். இங்கேயே வளர்ந்தும் வீட்டுப் பேச்சு மாறவில்லை.

"பிள்ளைக்குப் பல்லுக்கொதி ஐயா."

"கொதிக்குதா? சூடா சாப்பிட்டா கூசுதாம்மா?"

"ஓம் ஐயா, சாப்பிடவே ஏலாது. சரியான கொதி."

சூடு பட்டால் கூச்சம். டிக். வரிசைச் சீட்டின் அடியில் "அவசரமில்லை" என்று அழகான கையெழுத்தில் எழுதியும் கொடுத்தேன். நாலு மணிக்கு வேன் கிளம்பியபோது கூச்சம் வரிசையில் பதினொரு பிள்ளைகள் மிச்சம். ஆளுக்கொரு பிரஷ், ஒரு பேஸ்ட், அடுத்த தடவை பார்க்கலாம் என்று ஒரு சொல்.

4

நீங்கள் கேட்பீர்கள்: மூன்று மாதம் இருக்கிறதே, அந்த அம்மா தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாதா?

நானும் கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். புரட்டாசியில் சம்பா நடவு. விடிந்ததும் வயலுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். கேம்ப்பில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் நேரில் வந்து நிற்க வேண்டும். இதையெல்லாம் அவர் காரணமாகச் சொல்லவில்லை. குடும்ப அட்டையோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்த என் சீட்டை எடுத்துக் காட்டினார்.

"அவசரமில்லை எண்டு நீங்கள்தானே எழுதித் தந்தனீங்கள். எங்கட சீவியமே காகிதத்திலதான் ஓடுது ஐயா. அதை நம்பாமல் வேற என்னத்தை நம்புறது?"

இந்த இடத்தில் கதாசிரியன் ஏதாவது பதில் சொல்ல வேண்டும். நான் அப்போது...

இல்லை, சீட்டை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான்.

ஐப்பசி மழையில் நிதுஷாவின் கன்னம் கண் மூடும் அளவுக்கு வீங்கி, தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். வலப்பக்கக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கித்தான் ஆளைக் காப்பாற்றினார்கள்.

5

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது கார்த்திகையில், வேன் அடுத்தமுறை வந்தபோது. "முளைச்சிடும்ல டாக்டர்?" என்று கேட்டேன்.

"இது பால் பல் இல்ல சார். ஆறு வயசுல வர்ற பல்லு. போனா போனதுதான்." ஸ்ம்ருதி இடப்பக்கமும் பார்த்தார். "இதுவும் அதே வழியில போகுது. இப்போதைக்கு அடைச்சு விடுறேன். மாசியில பார்ப்போம். வேருக்குப் போகாம இருந்தா நிக்கும்."

நான் சுகந்தினியிடம் திரும்பினேன். "கொதின்னா சூடுதானேம்மா?"

"கொதியெண்டா நோ ஐயா. நோகிறது."

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: நோ, நோவு, நோதல். இதை வருஷா வருஷம் பத்தாம் வகுப்புக்கு நடத்துகிறேன். கடவுளே.)

அப்போது நிதுஷா, ஓட்டைவாய் தெரியாமலிருக்கக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள்: "ஸ்கூல்ல வலி சார். வீட்ல கொதி. எனக்கு ரெண்டும் தெரியும்."

"அப்ப அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

"நீங்க என்னைக் கேக்கவே இல்லையே சார். அம்மாவைத்தான கேட்டீங்க."

அவள் இங்கேயே பிறந்தவள். இங்குள்ள பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. என் எதிரில், ஒரு முழ தூரத்தில் நின்றாள். வாய் அவளுடையது, வலி அவளுடையது. நான் அவள் தலைக்கு மேலாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

6

முடிவுகள்.

அ) மாசி மாதம். பல் பிழைத்தது. நிதுஷா கையை எடுத்துவிட்டுச் சிரிக்கிறாள். பத்திரிகைக்காரர்கள் கேட்பது இதைத்தான்.

ஆ) நான் சுகந்தினியின் காலில் விழுகிறேன். இதை இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். பல் போனது அந்தப் பிள்ளைக்கு, கதாநாயகன் நானா?

இ) பல் போய்விடுகிறது. இதை என்னால் எழுத முடியாது. கை வரவில்லை.

கதை எழுதலாமா என்று இந்தமுறை அவளிடமே கேட்டேன். யோசித்துவிட்டு, "என் பேரைப் போடாதீங்க. நிதுஷான்னு போடுங்க" என்றாள். பிறகு, "பல்லு போனதை எழுதுவீங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப நீங்க டிக் போட்டதையும் எழுதுங்க."

அதனால்தான் கதை அங்கே தொடங்குகிறது.

7

வரும் ஞாயிற்றுக்கிழமை மாசி முகாம். மறுபடியும் நான்தான் மேசையில். படிவத்தில் ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்: கொதி. மேலே ஒரு வரி: பிள்ளையிடமே கேட்கவும்.

பல் நின்றதா என்று என்னிடம் கேட்காதீர்கள். மறுபடியும் தப்பான ஆளைக் கேட்டதாகிவிடும். காலை பத்து மணிக்குக் கேம்ப் ஸ்டாப்பில் இறங்கினால், புளியமரத்தடியில் முதல் ஆளாக அவள் நிற்பாள். அவளையே கேளுங்கள். வலி என்றும் கேளுங்கள், கொதி என்றும் கேளுங்கள். கன்னத்திலிருந்து கையை எடுத்து அவள் சொல்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுத்திருங்கள்.