ஸ்பெயின் மழையில் நனையும் மரம்

கமைஸின் தோப்பில், கிழக்கு வரப்பிலிருந்து எண்ணினால் நாற்பத்தோராவதாக வரும் ஒலிவ மரம், ஸ்பெயினில் மழை பெய்யும்போதெல்லாம் அதற்கு ஒன்பது நாள் முன்பு நனைந்தது. துனிசியாவில், ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்குத் தெற்கே மூன்று வருடம் சொட்டு விழாத காலத்திலும், மற்ற மரங்கள் புழுதி பூசி நிற்க, அது மட்டும் இலைகளில் நீர் வடிய நின்றது. அந்த நீர் தரையைத் தொடுமுன் மறைந்துவிடும். கமைஸ் திருட்டுத்தனமாக ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கிறார் என்று பக்கத்துத் தோப்புக்காரர்கள் எழுதிப்போட்டார்கள். நீர்த்துறையிலிருந்து ஒருவர் வந்து முழங்கை ஆழம் தோண்டினார். மரம் ஈரம், மண் உலர்வு என்று எழுதிக்கொண்டு போனார்.

கமைஸும் அந்த மரத்தை லேசில் நம்பவில்லை. எண்ணெய் அறைக் கதவில், மரம் நனைந்த நாட்களையும் சந்தை விலையையும் ஏழு வருடம் சுண்ணக்கட்டியால் குறித்துவந்தார். ஸ்பெயினில் மழை என்றால் அங்கே விளைச்சல் பெருகும். இங்கே விலை இறங்கும். கோடுகள் ஒருமுறைகூடப் பிசகவில்லை. அதன் பிறகே மரத்தைப் பார்த்து விற்கத் தொடங்கினார். வீட்டில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று அந்தப் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, கண் பட்டுவிடும். ஆகவே அடுத்தவன் எப்போது விற்கிறான் என்பதையே எல்லோரும் கவனித்தார்கள். கமைஸின் பீப்பாய் தெருவைக் கடந்தால் மறுநாள் காலை ஊர்ப் பீப்பாய்கள் அத்தனையும் கிளம்பின, மாலைக்குள் விலை சரிந்தது. பிறகு அவர் எண்ணெயைத் தீவன மூட்டைகளுக்கு அடியில் வைத்து வெளியூர் கொண்டுபோனார்.

அவருடைய தம்பி மொன்ஜி, ஸ்ஃபாக்ஸில் கார் உதிரிபாகங்கள் விற்பவன், தோப்பில் தன் பாதியை விற்கப்போவதாக ஒரு குளிர்காலத்தில் அறிவித்தான். நனையும் மரம் அந்தப் பாதியில்தான் இருந்தது. லஸாத் என்ற எண்ணெய் வியாபாரி நல்ல விலை பேசியிருந்தான். அதே விலையை அறுவடைக்குள் கொடுத்தால் அண்ணனுக்கே முதல் உரிமை. நிலத்தடித் தொட்டியில் இருந்த இரண்டு வருட எண்ணெயைக் கிலோ இருபத்திரண்டு தினாருக்கு விற்றால் கமைஸால் கொடுக்க முடியும். மார்ச்சில் பதினெட்டாக இருந்த விலை, மே மாதம் இருபத்தொன்றுக்கு ஏறியது. மரம் மாதக்கணக்கில் உலர்ந்தே நின்றது.

"இருபத்தொண்ணு வந்தாச்சு. இன்னும் யார் மொகத்தப் பாக்குறீங்க, மரத்தோடதா?" என்றாள் அவர் மனைவி பெய்யா.

"ஒரு தினார் பொறு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொன்ஜி சாப்பிட வந்தான். கதவிலிருந்த கோடுகளை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றதைப் பெய்யா கவனித்தாள். பிறகு கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று காரில் ஏறித் தோப்புப் பக்கம் போனான். திங்கட்கிழமை காலை மரம் நனைந்திருந்தது. ஆனால் அடியில் சேறாக இருந்தது. பயந்து இப்போதே விற்றால் பணம் குறையும், தம்பியின் பாதித் தோப்பு லஸாத்துக்குப் போகும். கமைஸ் தொலைபேசியை எடுத்தார்.

"மரத்துக்குத் தண்ணி ஊத்துனியாடா?"

"எந்த மரத்துக்கு? நான் பிரேக் கட்டை விக்கிறவன் அண்ணே. ஸ்பெயின்ல உனக்குத்தானே ஆள் இருக்கு, அங்க கேளு."

"கீழ சேறா கெடக்கு."

"ஆடு ஏதாவது ஒதுங்கியிருக்கும்."

கமைஸ் மரத்தின் எதிரே பிற்பகல்வரை உட்கார்ந்திருந்தார். சேறு என்றால் சூது. சூது என்றால் விற்கக் கூடாது. எழுந்து புழுதியைத் தட்டியபோது, பெய்யா அறுவடை ஏணியைத் தோளில் சுமந்து வந்து மரத்தில் சாய்த்தாள். உச்சிவரை ஏறினாள்.

"கேன் வச்சு ஊத்துனவன் கை இம்புட்டு ஒசரம் எட்டுமாங்க? இங்க கொட்டுது!"

அவள் தலைத்துணி நனைந்திருந்தது. தம்பி தண்ணீர் ஊற்றியிருந்தான். மரமும் தானாக நனைந்திருந்தது. இரண்டும் நடந்திருக்கலாம் என்று கமைஸுக்கு அதுவரை தோன்றவே இல்லை. அன்று மாலைக்குள் தொட்டியின் அடிவரை இருபத்தொரு தினாருக்கு விற்றார்.

ஒன்பதாம் நாள் ஸ்பெயினில் மழை தொடங்கி நான்கு நாள் பெய்தது. ஜூனில் விலை பதினேழு, ஆகஸ்டில் பதினான்கு. இருபத்திரண்டுக்காகக் காத்திருந்த லஸாத்தின் எண்ணெய் அவன் கிடங்கிலேயே தங்கியது. மொன்ஜியின் அழைப்புகளை அவன் எடுப்பதை நிறுத்தினான். அண்ணன் வைத்திருந்த குறைந்த தொகைதான் மிச்சம். மொன்ஜி ஒரே நிபந்தனையோடு ஒப்புக்கொண்டான்.

"மரம் நனைஞ்சா அன்னிக்கே எனக்குச் சொல்லணும். வாய்ப்பேச்சு வேணாம், பத்திரத்துல எழுதணும்."

பத்திரம் எழுத வந்த நோட்டரிகள் இருவரும் தங்களுக்குள் கலந்துகொண்டார்கள். இது பாசனத்தில் சேருமா என்று ஒருவர் கேட்டார். சேராது என்றார் மற்றவர். எல்லைகளுக்கும் மரங்களின் எண்ணிக்கைக்கும் கீழே அதையும் எழுதி முத்திரை வைத்தார்கள்.

இப்போது மரம் நனையும்போதெல்லாம் கமைஸ் அழைத்துச் சொல்கிறார். மொன்ஜி ஒருமுறையும் நம்பியதில்லை. கடையைப் பூட்டிவிட்டு வந்து, அடிமண்ணைச் செருப்பால் கிளறிப் பார்க்கிறான். ஏணியில் ஏறி உச்சி இலையைத் தொடுகிறான். பிறகு கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு சாப்பிட வருகிறான்.