ஒரே கட்டடத்து வக்கீல்கள்

“வேணாண்ணே. இதுக்கு மேல ஒரு வார்த்தகூட என்கிட்ட சொல்லாதீங்க.”

“நல்லா இருக்கே! வக்கீல்கிட்ட வாயத் தொறக்காம, பின்ன பல் டாக்டர்கிட்டயா போய்த் தொறப்பேன்?”

லேத் பட்டறைக்காரர் சிரித்தார். சட்டையிலிருக்கும் கிரீஸ் ஒட்டிவிடுமோ என்று நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளும் இரண்டு நண்பர்களும் வக்கீல் தொழிலைத் தொடங்கியதே இவருடைய பட்டறையின் பின்னறையில்தான். சுவருக்கு அப்பால் நாள் முழுக்க இரும்பு கடையும் சத்தம். கட்சிக்காரர்களின் ரகசியத்தைக்கூடக் கத்திக் கத்தியே கேட்டுப் பழகினாள். அந்த நண்பர்கள் இருவரும் இப்போது உயிரோடு இல்லை. அலுவலகம் வேறொரு பெரிய கட்டடத்துக்கு மாறி, அதன் எல்லா மாடிகளிலும் பரவிவிட்டது. கம்பளம் விரித்த இந்த அறையிலும் அவள் குரல் இறங்கியதில்லை. இளம் வக்கீல்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர், மைக்கம்மா. இன்று மைக்கம்மா முணுமுணுத்தாள்.

“உங்கள காலி பண்ணச் சொல்ற கம்பெனிக்கு எங்க ஆபீஸ்தாண்ணே வக்கீல். மேல் மாடியில பாக்குறாங்க.”

அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

புது வழக்குகளைத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் உரக்க வாசிப்பார்கள். எதிர்த்தரப்பு தெரிந்தவராக இருந்தால் கையைத் தூக்கவேண்டும். வழக்கு வேண்டாமென்று விட்டுவிடுவார்கள். அன்று வாசித்தது ஒரு கட்டடக் கம்பெனியின் பெயரும், ஒரு மனை எண்ணும். பட்டறைக்கு மனை எண் என்று ஒன்று இருக்கும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. அது அண்ணனின் பட்டறை, அவ்வளவுதான். கை மேசைமேல் சும்மா கிடந்தது. நேற்று அவர் தொலைபேசியில் பேசிய பிறகுதான் உறைத்தது.

“இப்ப வேணான்னு தள்ளிட்டா?”

“தள்ளினாலும் நான் உங்க பக்கம் நிக்க முடியாது. கம்பெனிக்காரங்க மேல வந்து சொன்னதெல்லாம் எனக்கும் தெரியும்னுதான் கோர்ட்டுல எடுத்துக்குவாங்க.”

“அண்ணன்னு கூப்பிடுறதுக்காவது சட்டத்துல எடம் இருக்கா?”

கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாமோ என்பதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சரி விடு. நீ என்ன வேணும்னா செஞ்ச? நல்ல வக்கீலா ஒருத்தர கைகாட்டு. போதும்.”

அவள் யோசித்தாள். இட விவகாரத்தில் புலி ஒருவர் நீதிமன்ற வாசலில் சின்ன அறை வைத்திருந்தார். அவரைப் பேசிப் பேசி இங்கே கூட்டிவந்தவள் இவள்தான். மேல் மாடியில் இந்த வழக்கை நடத்துவது அவர்தான். வாடகைக்காரர்களுக்காக மல்லுக்கட்டிய அக்காவும் தங்கையும் இப்போது ஆறாம் மாடி. அதற்கடுத்து நினைவுக்கு வந்தவர் இவள் அறைக்கு நேர் எதிர் அறை. ஒவ்வொருவரும் இந்த அலுவலகத்தில் சேர்ந்தபோது கைதட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். நகரத்தில் தனியாகத் தொழில் செய்யும் வக்கீலின் விளக்கெரியும் சின்ன அறை இன்னும் ஒன்றாவது இருக்கிறதா என்று தெருத்தெருவாக மனசுக்குள் நடந்து பார்த்தாள்.

பட்டறைக்காரர், லேத் இரைச்சலில் கேட்பதுபோலவே, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து முன்னால் சாய்ந்தார்.

“பேர மட்டும் சொல்லும்மா. நான் போய்ப் பாத்துக்குறேன்.”